பிசின் அக்காவும் மெல்லக் கரையும் குளிசையும்

குடை வாங்கப் போகிறவர்கள் குடையை விரித்துப் பார்ப்பார்கள். கம்பி நேராக நிற்கிறதா, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். பிசின் அக்கா கடைக்காரரிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டார்.

"தண்ணி என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் கடைக்கார நானா.

"நீங்கள் குடையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் மேல இருந்து ஊத்துறன்."

"பிள்ளை, இது மழைக்குப் பிடிக்கிற குடைதான்!"

"அதைத்தானே பாக்க வேணும். நில்லுங்கோ, பாப்பம்."

நானா நல்ல மனிதர். கடைவாசலில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்று வாளியைக் கவிழ்த்தார். தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நானாவின் சாரத்துக் கரைதான் நனைந்தது, தொப்பியில் ஒரு சொட்டும் விழவில்லை. அக்கா குடையை வாங்கிக்கொண்டு போனார். நானா அந்த வாளியை உள்ளே எடுக்கவேயில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் காட்டி, அந்த மாரிக்குள் கடையில் இருந்த குடை எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

பிள்ளைகளே, இந்த அக்காவைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால், "நீங்கள் எழுதினது உண்மையோ தம்பி, பாப்பம்" என்று ஒவ்வொரு வரியாகப் பிடித்துச் சோதிக்கத் தொடங்கிவிடுவார்.

அக்காவுக்கு யாருடைய சொல்லும் போதாது. பொய் சொல்கிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. சொல்கிறவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம் என்பார். தன்னுடைய சொல்லையும் அவர் அப்படித்தான் நடத்துவார். கதவைப் பூட்டிவிட்டேன் என்று தானே சொல்லிவிட்டு, திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார்.

அவருக்குக் கலியாணம் பேசி வந்தபோது, "மாப்பிள்ளைக்குக் கோபம் எண்டதே வராது" என்று தரகர் சொன்னாராம். அக்கா தேத்தண்ணீர் கொண்டுபோய் நீட்டும்போது, கொஞ்சத்தை மாப்பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டையில் ஊற்றினாராம். மாப்பிள்ளை துள்ளி எழும்பினாராம். பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "மிச்சத்தையாவது குடிக்கலாமோ?" என்று கேட்டாராம். அவரைத்தான் அக்கா கட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த வாத்தியார். இந்தக் கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"இப்பவும் இடைக்கிடை ஊத்திறவ தம்பி," என்றார். "என்ர சோதினை இன்னும் முடியேல்லை."

எனக்கு அப்போது திருகோணமலைத் துறைமுகத்து வேலைத்தலத்தில் மெசின் பூட்டித் திருத்துகிற பிற்றர் வேலை. அக்கா, கடற்கரைப் பக்கத்தில் ஒரு டாக்குத்தருடைய மருந்துச்சாலையில் மருந்து கலப்பவர். கொழும்பில் அந்தப் படிப்பைப் படித்துப் பாஸ் பண்ணியவர். அங்கே குளிசை அடிக்கிற கைமெசின் ஒன்று இருந்தது. மருந்துத் தூளைக் குழிக்குள் போட்டுக் கைபிடியைக் கீழே இழுத்தால் ஒரு குளிசை வந்து விழும். அந்த மெசின் பழுதாகி, திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். அச்சு ஒன்று தேய்ந்திருந்தது. புதிதாகக் கடைந்து போட்டுவிட்டு, "சரி அக்கா, இனிப் பிழைக்காது" என்றேன்.

"பாப்பம்," என்றார்.

துறைமுகத்துச் சங்கு ஊதும்வரைக்கும் கைபிடியை நான்தான் இழுத்தேன். விழுந்த குளிசைகளை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுரண்டினார், மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் போட்டார், விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். என் தோள் கழன்று விழும்போல இருந்தது. "ஓம் தம்பி, நல்லாத்தான் செய்திருக்கிறீங்கள்" என்று அவர் சொன்னபோது, எனக்குப் பரிசு கிடைத்த மாதிரி ஒரு சந்தோசம்.

அது பாண் வாங்க விடியற்காலையிலேயே பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டிலிருந்து வந்த பல சாமான்கள் வராமல் நின்றுவிட்டன. சில மருந்துகளும் வரவில்லை. அப்படி நின்றுபோன ஒன்றுதான் முட்டு வருத்தத்துக்கான ஒரு குளிசை. முட்டு என்றால் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிற வருத்தம். அந்தக் குளிசையை ஒன்று விழுங்கினால், மருந்து மெல்ல மெல்ல வெளியே வந்து ஓர் இரவு முழுக்கக் காக்கும். அதே மருந்தில் சாதாரணக் குளிசை இருந்தது. ஆனால் அது வயிற்றுக்குள் போனதும் பொலபொலவென்று உதிர்ந்து, மருந்து முழுவதையும் ஒரே தரத்தில் கொட்டிவிடும். சில மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும்.

அந்தச் சில மணித்தியாலம் போதாமல் இருந்தவன் என் மச்சான் சூசை, என் மனைவியின் தம்பி. இறக்கக்கண்டியில் கடற்றொழில். மாலையில் வள்ளம் ஏறினால் விடியத்தான் கரை. அவனுக்கு முட்டு வருவது விடியப்புறத்தில், வலை இழுக்கிற நேரம் பார்த்து. ஒருமுறை கடலில் வைத்து அவனுக்கு உதடு நீலமாகிப்போக, மற்றவர்கள் பாதி வலையை வெட்டிவிட்டு அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வள்ளத்துக்காரர் அவனை ஏற்றவில்லை.

"உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சவமாக் கொண்டுவர எங்களுக்கு ஏலாது," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

சூசை கரையில் கிழவர்களோடு குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தினான். முப்பது வயதுகூட ஆகவில்லை. வள்ளங்கள் புறப்படுகிற நேரம் எழும்பி வீட்டுக்குள் போய்விடுவான். அவனுடைய மனைவி றோசலின் என்னிடம் வந்து, "அண்ணை, இவர் கடலுக்குப் போகாட்டி மனிசனாவே இருக்கமாட்டார். ஏதாவது செய்யுங்கோ" என்றாள்.

நான் அக்காவிடம் போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கட வீட்டடியில வேப்பமரம் நிக்குதோ?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, சர்பத்துக் கடையில் கசகசா பார்த்திருப்பீர்கள். காய்ந்த விதை கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் அதைச் சுற்றி வழுவழு என்று ஒரு கூழ் கட்டிக்கொள்ளும். மரத்திலிருந்து வடிகிற பிசினும் தண்ணீர் பட்டால் அப்படித்தான் ஊதி வழுவழுப்பாகும். மருந்துத் தூளோடு பிசின் தூளைச் சேர்த்துக் குளிசை அடித்தால், வயிற்றுக்குள் போனதும் குளிசையைச் சுற்றிக் கூழ் கட்டும். மருந்து அந்தக் கூழுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். இதெல்லாம் அக்கா எனக்கு விளங்கப்படுத்தியது. எனக்கு விளங்கிய அளவுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

டாக்குத்தர் ஐயாவும் ஒத்துக்கொண்டார். "நீங்கள் சரியெண்டு சொல்லுற நாளைக்கு நான் மருந்துச் சீட்டு எழுதுறன். அதுக்கு முதல் ஒரு துளியும் வெளிய போகக்கூடாது," என்றார். அக்காவுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

பிசின் வேண்டும் என்று அக்கா சொன்னதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் மரம் மரமாக ஏறத் தொடங்கினார்கள். வேம்பு, விளாத்தி, முருங்கை, கஜு மரம் என்று பிசின் வந்து குவிந்தது. எறும்பும் கூடவே வந்தது. ஒருத்தன் வாயில் மென்றுகொண்டிருந்த பபிள்கம்மை எடுத்து நீட்டி, "இதுவும் பிசின்தானே அக்கா?" என்றான். அன்றைக்குத்தான் அவருக்குப் பிசின் அக்கா என்று பெயர் வந்தது.

பிசினை ஊறவைத்து, துணியில் வடித்து, பீங்கான்களில் ஊற்றிக் காயவைத்து, இடித்து அரிக்க வேண்டும். மருந்துச்சாலையில் இடம் போதாமல் வீட்டுக் குசினிக்கும் பரவியது. எல்லாப் பீங்கானிலும் பிசின் காய்ந்ததால் வாத்தியார் வாழையிலையில் சோறு சாப்பிட்டார். "ஒவ்வொரு நாளும் கலியாண வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு சோதனை. குளிசையைச் சும்மா தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் பார்த்தால் போதாதாம். "வயிறு சும்மா கிடக்காது தம்பி, அது ஆட்டும். அதுக்குள்ள சூடும் இருக்கு, புளிப்பும் இருக்கு," என்றார். ஆட்டுவதற்கு ஒரு வழி செய்யும்படி என்னிடம் கேட்டார். நான் ஒரு பழைய தையல் மெசின் காலை எடுத்து, மிதிக்கும்போது ஒரு கம்பி மேலும் கீழும் போகிற மாதிரிச் செய்துகொடுத்தேன். கம்பி நுனியில் தேயிலை வடி தொங்கும். வடிக்குள் குளிசை. கீழே இளஞ்சூட்டுத் தண்ணீரில் அளந்து விட்ட அமிலம். அக்கா மிதித்துக்கொண்டே வெங்காயம் உரிப்பார். அவருக்கு வேலை வந்தால் வாத்தியார் மிதித்துக்கொண்டு பிள்ளைகளின் சோதினைத் தாள் திருத்துவார். இடைக்கிடை அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, வேறொரு மருந்தைச் சொட்டுவிட்டு நிறம் பார்ப்பார் அக்கா. எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அதில் தெரியுமாம்.

முருங்கைப் பிசின் குளிசை வெங்காயம் உரித்து முடியுமுன் கரைந்துவிட்டது. வேப்பம் பிசினைக் கூடுதலாகப் போட்டு அடித்த குளிசை அடுத்த நாளும் அசையாமல் கிடந்தது.

"இது வயித்துக்குள்ள போய், ஊர் சுத்திப் பாத்திட்டு, வந்த மாதிரியே வெளிய போயிடும்," என்றார் அக்கா.

வேம்பையும் விளாத்தியையும் கலந்தபோது கிட்டத்தட்டச் சரிவந்தது. சூசையிடம் போய்ச் சொல்ல நான் சைக்கிளை எடுத்துவிட்டேன். அக்கா மறித்தார். அடுத்த கிழமை மழைக்குப் பிறகு எடுத்த பிசினில் செய்து பார்த்தார். அது வேறு மாதிரிக் கரைந்தது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து.

சூசை பொறுக்க ஏலாமல் ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டான். மருந்துச்சாலைப் படியில் ஏறும்போதே தோள் இரண்டும் காது வரைக்கும் உயர்ந்து இறங்கின.

"அக்கா... கிட்டத்தட்டச் சரியெண்டால்... அதைத் தாங்கோவன். நான் குடிக்கிறன்."

"கிட்டத்தட்டக் கரை சேர்ற வள்ளத்தில ஏறுவீங்களோ தம்பி?"

சூசை படியிலேயே குந்திவிட்டான். அக்கா உள்ளே போய்ச் சின்னப் போத்தல் ஒன்றில் குளிசைகள் கொண்டுவந்து கொடுத்தார். "பின்னேரத்தில ஒண்டு. ஒரு கிழமை கழிச்சு வந்து சொல்லுங்கோ. கடலுக்கு மட்டும் போகக்கூடாது. இப்ப குடிக்கிற மருந்தையும் விடக்கூடாது," என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு சூசையும் றோசலினும் ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்தார்கள். சூசையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்கா, என்ன மருந்து! நெஞ்சு பஞ்சு மாதிரி! நான் இண்டைக்கே வள்ளம் ஏறலாம்!"

"அதுக்குள்ள மருந்தே இல்லைத் தம்பி," என்றார் அக்கா. "வெறும் பிசினும் மாவும்."

சூசை கருவாட்டுப் பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "என்ன அக்கா... என்னைப் பேய்க்காட்டிப் போட்டீங்களே!"

"உங்களைச் சோதிக்கேல்லை. இந்தக் குளிசை உங்கட வீட்டுக்குப் போனா என்ன நடக்கும் எண்டு பாத்தனான். பிள்ளை, நீங்கள் எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

றோசலின் பெருமையாகச் சொன்னாள். "அம்மிக் குழவியால நல்லாப் பொடிச்சு, தேனில குழைச்சுத்தான் அக்கா. எங்கட வீட்டில எந்தக் குளிசையும் அப்பிடித்தான். முழுசாக் குடுத்தா இவருக்கு ஓங்காளிக்கும்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓர் இரவு முழுக்க மெல்ல மெல்ல வர வேண்டிய மருந்தைப் பொடித்துக் கொடுத்தால், அவ்வளவும் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும். நெஞ்சு படபடக்கும், குமட்டிச் சத்தி வரும், உயிருக்கே மோசமாகலாம். பிள்ளைகளே, நீங்களும் குளிசை எதையும் பொடிக்க முதல், தந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்கா இதை விளங்கப்படுத்தியதும் றோசலின் அழுதுவிட்டாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேங்கோ, பிசினைத்தானே பொடிச்சனீங்கள்" என்றார். விழுங்கிப் பழக இன்னொரு போத்தல் வெறுங்குளிசை கொடுத்தார். இந்த முறை வெறுங்குளிசை என்று சொல்லித்தான் கொடுத்தார். "பொடிக்கக்கூடாது. பல்லுப் படக்கூடாது. கடிக்கவே கூடாது. விளங்கினதோ?"

"ஓம் அக்கா," என்று இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் இறக்கக்கண்டிக்குப் போனேன். சூசை வீட்டு வாசலில் கை இரண்டையும் மடியில் வைத்து, தலையைக் குனிந்து, வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தான்.

"என்ன மச்சான், சுகமோ?" என்றேன்.

தலையை ஆட்டினான்.

"வாயில என்ன?"

கையால் சைகை காட்டினான். வாயைத் திறக்கவேயில்லை. நான் பயந்துபோய் றோசலினைக் கூப்பிட்டேன். அவள் குசினிக்குள் இருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"குளிசைதான் அண்ணை. பல்லுப் படக்கூடாது எண்டு அக்கா சொன்னவ எல்லே? பூசையில நன்மை வாங்கிற மாதிரி நாக்கில வைச்சுக்கொண்டு இருக்கிறார். அது ஊதிப் பொங்கி, நாக்கு மேலண்ணத்தோட ஒட்டிப்போச்சு. எவ்வளவு நேரமாக் கதை இல்லை! அக்காட்டச் சொல்லி இப்பிடி இன்னும் கொஞ்சக் குளிசை வாங்கித் தாங்கோ அண்ணை, வீடு நல்ல அமைதியா இருக்கு."

சூசை அவளைப் பார்த்து முறைத்தான். அவனால் அவ்வளவுதான் முடிந்தது.

நாங்கள் கத்தோலிக்கர். பூசையில் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தில் பல் படக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். கடிக்காதே என்று ஒரு பொருளைத் தந்தால் நாங்கள் வேறு என்ன செய்வோம்? நாக்கில் வைத்து, தலை குனிந்து, கரையும்வரைக்கும் பொறுத்திருப்போம். சுடுதண்ணீரால் வாய் கொப்பளித்துத்தான் சூசை விடுதலையானான்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாத்தியார் பயந்துபோய் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னிலதான் பிழை தம்பி," என்றார். "செய்யக்கூடாதது எல்லாத்தையும் சொன்னனான். என்ன செய்ய வேணும் எண்டு சொல்லேல்லை."

அடுத்த நாளே தானே இறக்கக்கண்டிக்குப் போனார். சூசையை முன்னால் இருத்தி, பலாக்கொட்டைத் துண்டு அளவில் பிட்டுக் கட்டியை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கப் பழக்கினார். அது சரிவந்த பிறகு வெறுங்குளிசை. ஓங்காளித்தால், பேசாமல் முதுகைத் தடவிவிட்டுத் திரும்பவும் பிட்டு. அயலட்டைச் சனம் வேலிக்கு மேலால் பார்த்தது. "என்ன சூசை, திரும்பப் பால்குடி மறக்கிறியோ?" என்று யாரோ கேட்டார்கள். சூசை கேளாத மாதிரி விழுங்கினான். றோசலினும் விழுங்கிக் காட்டினாள். கடைசியில் நானும் விழுங்க வேண்டியதாயிற்று.

மழைக்காலப் பிசினை விட்டுவிட்டு, கோடையில் எடுத்த பிசின் மட்டும் என்று அக்கா முடிவு செய்தார். அந்தக் கோடையில் ஒருநாள் மருந்துச்சாலைக்குப் போனபோது, தேயிலை வடி ஆடாமல் நின்றது. "சரி," என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். டாக்குத்தர் ஐயா சீட்டு எழுதினார். உண்மையான மருந்துக் குளிசையை முதலில் அவர் கண்முன்னால் மருந்துச்சாலைக் கட்டிலில் வைத்துத்தான் கொடுத்தார்கள். பிறகு வீட்டில். முட்டு வரவில்லை. சூசை வள்ளத்துக்காரரிடம் போய் நின்றான். அவர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு, "ஒரு நாளைக்குப் பாப்பம். அதில பிழைச்சா இனிக் கேக்கப்படாது" என்றார்கள்.

சூசை மாலையில் வள்ளம் ஏறினான், அடுத்த விடியலில் முதல் பஸ்ஸில் அக்கா வந்தார். நானும் கூட வந்தேன். றோசலின் எங்களுக்கு முன்னமே கரையில் நின்றாள், கையில் செபமாலை. அக்கா செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார். "எல்லாம் சரியாத்தானே பாத்தனீங்கள் அக்கா?" என்று கேட்டேன். "பாத்தனான்," என்றார். செருப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். வாளித் தண்ணீரையும் தேயிலை வடியையும் நம்பலாம். கடலுக்குள் போன ஒரு மனிதனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கரையில் நின்று யாரால் பார்க்க முடியும்?

வெளிச்சம் பரவும்போது வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சூசை போன வள்ளத்தைக் காணவில்லை. றோசலினின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு, தூரத்தில் அது தெரிந்தது. ஆட்கள் தெரிந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை. யாராவது படுத்திருக்கிறார்களா என்று நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

சூசையின் குரல். யாரோ கரை வருவதற்கு முன்பே கயிற்றைக் கைவிட்டிருக்க வேண்டும். வலையில் ஒரு பக்கம் கடலுக்குள் நழுவிக்கொண்டிருந்தது. சூசை வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் எழும்பி நின்று, கயிற்றை விட்டவனை ஏசிக்கொண்டு வந்தான். அவனை ஏசினான், அவன் கையை ஏசினான், அவனுக்குக் கயிறு கட்டப் பழக்கியவனை ஏசினான், அந்தக் கயிறு திரித்தவனையும் ஏசினான். ஏசிக்கொண்டே குதித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டும் ஏசினான். இடையில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அந்தச் சொற்களை உங்களுக்கு எழுத எனக்கு ஏலாது. அவ்வளவும் இளைப்பில்லாத, நீளமான, ஒரே மூச்சுச் சொற்கள்.

றோசலின் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். "உங்களுக்கு முன்னால இப்பிடிக் கதைக்கிறாரே... நான் போய் வாயை மூடச் சொல்லுறன்."

"சும்மா நில்லுங்கோ பிள்ளை," என்றார் அக்கா. கச்சேரி கேட்கிறவர் மாதிரித் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, சூசை ஏசி முடியும்வரைக்கும் கேட்டார். முடிந்ததும் செருப்பை மணலில் போட்டுவிட்டு, கைமணிக்கூட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா ஏசச் சொல்லுங்கோ," என்றார் என்னிடம். "முதல்ல நேரம் பாக்க மறந்துபோனன்."